அக்கரை ஊசி

“ஊசி போட்டவங்க மட்டும் முன்னால வாங்க. மத்தவங்க வீட்டுக்குப் போகலாம்.”

அக்கரை நாட்டின் எல்லைச் சாவடி அதிகாரி சொல்லிவிட்டு வரிசையைப் பார்த்தார். யாரும் நகரவில்லை.

பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு நாடு, அந்தப் பக்கம் இன்னொரு நாடு. நடுவில் ஒரு வெள்ளைக் கோடு. தினமும் காலையில் இந்தக் கரையிலிருந்து நூற்றுக்கணக்கானவர்கள் வேலைக்காக அதைத் தாண்டிப் போவார்கள், சாயங்காலம் திரும்புவார்கள். நோய் பரவிய பிறகும் அது நிற்கவில்லை. இன்று காலையிலிருந்து புதுச் சட்டம்: ஒரு ஊசியாவது போட்டிருந்தால்தான் அனுமதி.

இந்தக் கரைக்கு வந்த கொஞ்சநஞ்ச ஊசியும் பெரிய இடத்து ஆட்களோடு தீர்ந்துபோயிருந்தது. அந்தக் கரையில் குளிர்பெட்டிகள் நிறைய மருந்து இருந்தது. ஆனால் அங்கே குடியிருப்பவர்களுக்கு மட்டும்.

வரிசையின் முன்னால் நின்றவள், அக்கரையில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையைப் பார்த்துக்கொள்பவள். வயது வித்தியாசமில்லாமல் எல்லோருக்கும் அவள் அக்கா. அதிகாரி இன்னொரு முறை சொன்னதும் கோட்டுக்கு ஒரு அடி முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள்.

“எழுந்திரும்மா. போலீஸைக் கூப்பிடுவேன்.”

“கூப்பிடுங்க தம்பி. கோட்டைத் தாண்டினாத்தானே உங்க சட்டம்? நான் எங்க பக்கம்தானே உட்கார்ந்திருக்கேன்.”

அவளுக்குப் பின்னால் லிஃப்ட் மெக்கானிக் உட்கார்ந்தார். தான் போகாவிட்டால் அக்கரைக்காரர்கள் எல்லோரும் படியேறட்டும், உடம்புக்கு நல்லது என்றார். சிரிப்பு எழுந்தது. சிரித்தவர்களும் உட்கார்ந்தார்கள்.

ஆஸ்பத்திரித் துணிகளைத் துவைக்கும் பெண் மட்டும் நின்றுகொண்டே இருந்தாள். நமக்குப் பதிலாக வேறு ஆளை வைத்துவிட்டால் என்ன செய்வது என்று மெல்லக் கேட்டாள்.

“யாரை வைப்பாங்க? அங்க ஆள் கிடைச்சிருந்தா நம்மள ஏன்டி ஆத்தைத் தாண்டிக் கூப்பிடுறாங்க?” என்றாள் அக்கா. “நம்ம வேலை வேணும், நாம வேணாம். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசைன்னா எப்படி?”

அந்தப் பெண்ணும் உட்கார்ந்தாள்.

வெயில் ஏறியது. பாலத்தின் இரும்புக் கைப்பிடி தொட முடியாமல் சுட்டது. ஆளுக்கு ஒரு வாய் என்று ஒரே பாட்டிலிலிருந்து தண்ணீர் குடிக்க முடியாத காலம். யாரிடம் எவ்வளவு இருந்ததோ அதை வைத்துச் சமாளித்தார்கள். அதிகாரியின் தொலைபேசி ஓயவே இல்லை. ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்பு இல்லையாம். அடுக்குமாடியில் யாரோ லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டார்களாம். ஒவ்வொரு அழைப்புக்குப் பிறகும் அவர் இவர்களைப் பார்ப்பார், உள்ளே போய்விடுவார்.

மதியம் நெருங்கும்போது அக்கரையிலிருந்து ஒரு கார் வந்தது. முதியோர் இல்லத்து மேலாளர் இறங்கி, கோட்டுக்கு அப்பால் அக்காவின் எதிரே குனிந்தார். பெரியவர்கள் காலையிலிருந்து பிஸ்கட்டோடு இருக்கிறார்கள், மாடி அறைத் தாத்தா அதையும் தொடவில்லை என்றார். அக்காவின் முகம் வாடியதைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார்.

“நீ மட்டும் எழுந்து வா. உனக்கு ஒரு தடையும் இல்ல. இப்பவே கூட்டிட்டுப் போறேன்.”

மாடித் தாத்தாவுக்கு மென்று விழுங்க முடியாது. எல்லாவற்றையும் மசித்துத்தான் தர வேண்டும். அவர் எந்த நேரத்துக்குக் கதவைப் பார்க்க ஆரம்பிப்பார் என்பது அவளுக்குத் தெரியும்.

“நான் சமைக்கிறதோட சரிங்க,” என்றாள் கடைசியில். “அவருக்கு ஊட்டி விடுறது அதோ உட்கார்ந்திருக்காளே, அவ. குளிப்பாட்டுறது அவளுக்குப் பக்கத்துல இருக்கறவர். இவங்களை விட்டுட்டு நான் வந்து அடுப்பைப் பத்த வச்சு என்ன செய்ய?”

“எல்லாருக்கும் ஊசி போட நான் என்ன மந்திரியா?”

“மந்திரிகிட்ட பேசுங்க. அவரோட அம்மா நம்ம ஹோம்லதானே இருக்காங்க. அவங்களுக்கும் பசிக்கும்.”

மேலாளர் நிமிர்ந்தார். பிறகு காருக்குப் பக்கத்தில் போய் நின்று யாரிடமோ நெடுநேரம் பேசினார்.

வெயில் சாயும்முன் வெள்ளை வேன் ஒன்று வந்து கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றது. ஊசி போடாதவர்கள் எல்லையைத் தாண்டக் கூடாது என்ற சட்டம் அப்படியே இருந்தது. அதனால் நர்ஸ் கோட்டை ஒட்டி மேசை போட்டாள். ஒவ்வொருவராக வந்து இந்தப் பக்கம் நின்றபடியே தோளைச் சாய்த்துக் கொடுத்தார்கள். அவர்களுடைய கை மட்டும் முதலில் அந்த நாட்டுக்குள் போயிற்று. ஊசி போட்ட பிறகு ஆட்களும் போனார்கள். லிஃப்ட் மெக்கானிக் கண்ணை இறுக மூடிக்கொண்டார். துணி துவைக்கும் பெண் அழுதாள், ஊசி வலிக்காக இல்லை.

அக்கா உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். கடைசி ஆளும் கோட்டைத் தாண்டிய பிறகுதான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

நர்ஸ் புது ஊசியைப் பிரித்தாள். “வாங்கம்மா, நீங்கதான் பாக்கி. கையைக் காட்டுங்க.”

“எனக்கு வேண்டாம் சிஸ்டர். ஹோம்ல பெரியவங்களுக்குப் போட்டப்பவே மிஞ்சின ஒரு ஊசியை எனக்குப் போட்டாச்சு.”

அதிகாரி திகைத்துப்போய் மேலாளரைப் பார்த்தார். அவர் ஆமாம் என்று தலையசைத்தார்.

“அப்ப காலையிலேயே நீங்க போயிருக்கலாமேம்மா?”

அக்கா கோட்டைத் தாண்டிக் காலை வைத்தாள்.

“போயிருக்கலாம் தம்பி. தனியாப் போயிருக்கணும்.”