அசையாத சுமை

முதல் வாளித் தண்ணீருக்கு வீடு அசையவில்லை. இரண்டாவது வாளிக்கும் அசையவில்லை.

மூன்றாவதை அவள் கண்ணாடித் தொட்டியில் சாய்த்தாள். நான்கு மூலைக் கம்பங்களிலும் வளையம் மாட்டி, தரையோடு தரையாக உட்கார்ந்திருந்த அந்தச் சின்ன மூங்கில் வீடு, ஒருவழியாக மனசு வைத்து மேலே வந்தது.

தேர்வாளர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். கட்டுமானப் பொறியாளர் அவர். காலையிலிருந்து பதினோரு பேரின் கட்டடங்களைத் தாளிலேயே இடித்துத் தள்ளியிருந்தார்.

அவர் கையெழுத்துப் போட்டால் அவளுக்குக் கட்டடக்கலைப் பட்டம். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. தேறுகிற வடிவமைப்புகளில் ஒன்றை, வெள்ளம் ஏறுகிற கரையில் நிஜ வீடாகவே கட்டித் தருவதாக வீட்டு வசதித் துறை சொல்லியிருந்தது. அதுவும் அடுத்த மழைக்கு முன்பே. அவளுடைய தெரு இருப்பதும் அதே கரையில்தான். அவளுக்கு அந்த வீடு வேண்டும். பட்டத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

மற்றவர்களுக்கு மாதிரியைத் தூக்கி வர அண்ணன், பசை டப்பாவோடு பின்னால் ஓடி வர அக்கா, வராந்தாவில் நகத்தைக் கடித்தபடி அம்மா என்று ஒரு பட்டாளமே வந்திருந்தது. அவள் தன் வீட்டை மடியில் வைத்துக்கொண்டு விடுதியிலிருந்து இரண்டு பஸ் மாறித் தனியாக வந்தாள்.

அவளுடைய அம்மாவால் ஒரு நாள்கூட வீட்டை விட்டு நகர முடியாது. ஏன் என்று அவள் வகுப்பில் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் அச்சச்சோ என்பார்கள். அந்த அச்சச்சோவுக்கு என்ன பதில் சொல்வது என்று அவளுக்குத் தெரியாது.

வகுப்பில் அவளுக்குப் பெயர் தவளை.

முதலாண்டில் எல்லாரையும் போல அவளும் நாற்பது மாடி வரைந்தவள்தான். இரண்டாம் ஆண்டு, மழை விடுமுறை முடிந்து திரும்பியவள், தண்ணீரைத் தவிர வேறு எதைப் பற்றியும் பேசவில்லை. தெருத் தெருவாகப் போய்ச் சுவர்களில் படிந்த வெள்ளக் கறையை டேப் வைத்து அளந்தாள். எவ்வளவு நாள்தான் கேட்பார்கள், பாவம். கூட்டாளிகள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். அது அவளுக்கு வலிக்கத்தான் செய்தது.

விடுதியின் துணி துவைக்கும் தொட்டியில் அவளுடைய முதல் வீடு கல்லைக் கட்டிப் போட்டதுபோல் மூழ்கியது. இரண்டாவது மிதந்தது, ஆனால் தலைகீழாக. பக்கத்தில் யாராவது இருந்திருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருக்கலாம். தனியாக எவ்வளவு நேரம்தான் சிரிப்பது?

இது ஏழாவது வீடு. ஒரே அறை, நடுவில் ஒரு கட்டில். வீடு ஏற ஏறக் கூடவே நீளுகிற மாதிரி குடிநீர்க் குழாயைச் சுருட்டி வைத்திருந்தாள். நிஜ வீட்டுக்கு மிதவை, கடைகள் தூக்கிப்போடும் பழைய பிளாஸ்டிக் டிரம்கள். மாதிரியில் அவற்றுக்குப் பதில் காலி மருந்துப் புட்டிகள். அவள் வீட்டில் அவற்றுக்குப் பஞ்சமில்லை. பாதிக்கு மேல் கட்டிலுக்கு நேர் கீழே கட்டியிருந்தாள். நிஜத்தில் ஒரு கிலோ என்றால் இங்கே ஒரு கிராம்.

பொறியாளர் கணக்குத் தாளைப் புரட்டினார். விரல் ஓர் இடத்தில் நின்றது.

கட்டடக் கணக்கில் சுமை இரண்டு வகை. சுவர், கூரை, கட்டில் எல்லாம் அசையாத சுமை. மனிதர்கள் அசையும் சுமை, எந்த நேரத்தில் எந்த மூலைக்குப் போவார்கள் என்று சொல்ல முடியாது. கல்லூரியில் சேர்ந்த முதல் வாரமே சொல்லிக்கொடுக்கிற பாடம் அது.

"அம்பத்திரண்டு கிலோ, ஒரு ஆள். இத ஏம்மா அசையாத சுமையில எழுதியிருக்க? மனுஷன் என்ன பீரோவா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவள் குனிந்து, தொட்டி விளிம்பில் சிந்திய தண்ணீரைத் துடைத்தாள்.

பொறியாளர் பொல்லாதவர் இல்லை. கண்ணால் பார்த்தால் புரிந்துகொள்வாள் என்று நினைத்தார். கட்டிலின்மேல் அவள் வைத்திருந்த ஐம்பத்திரண்டு கிராம் எடைக்கல்லை இரண்டு விரலால் எடுத்து, வாசற்படியில் கொண்டுபோய் வைத்தார்.

வீடு இரண்டு நூல், கால் அங்குலம்தான், சாய்ந்தது. ஒரு மூலை வளையம் கம்பத்தை இறுக்கிக்கொண்டது. அடுத்த வாளியை அவரே ஊற்றினார். தண்ணீர் ஏறியது, வீடு ஏறவில்லை. வாசல் நனைந்தது.

"பாத்தியா? ஒரு ஆளு எழுந்து வாசலுக்கு வந்தா போதும், வீடு மாட்டிக்குது. இப்படியே பாஸ் போட முடியாதும்மா. ஏதாவது காரணம் இருந்தா சொல்லு, எழுதிக்கிறேன்."

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நிஜமாகவே காத்திருந்தார். ஒரு வாக்கியம் சொன்னால் போதும். மூன்று வருடமாகத் தொண்டையிலேயே வைத்திருந்த வாக்கியம்தான்.

அவள் அவரைப் பார்க்கவில்லை, தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எடைக்கல்லைத் திரும்ப எடுக்க அவர் கையை நீட்டினார்.

"சொல்றேன் சார். அது மட்டும் கொஞ்ச நேரம் அங்கயே இருக்கட்டும்."

மூன்று வருடத்துக்கு முந்திய வெள்ளத்தில், தண்ணீர் கட்டில் சட்டத்தைத் தொட்ட பிறகும் எழுந்திருக்க முடியாமல் கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்த அவளுடைய அப்பா, அந்த எடைக்கல் இருந்த இடத்தில், கால் நனைய வாசலில் நின்றுகொண்டிருந்தார்.