வானத்தோடு தோழமை கொண்ட பலகை

பழைய அலைச்சறுக்குப் பலகையில் துளையிட்டு, கால் மாட்டும் வார்களைப் பொருத்தினார்கள். இனி அதை அலை சுமக்க வேண்டாம். காற்றில் பறக்கும் பெரிய பட்டமே இழுத்துச் செல்லும்.

இத்தனை ஆண்டுகள் தன்னைச் சுமந்த அலையைப் பலகை ஏளனமாகப் பார்த்தது. "ஏய், இன்னும் தவழ்ந்துகொண்டுதான் இருக்கிறாயா? என் தோழமை இப்போது வானத்தோடு!"

ஒருவன் பலகைமேல் ஏறி நிற்க, பட்டம் அதைக் கடலுக்குள் இழுத்துச் சென்றது.

சற்று நேரத்தில் காற்று நின்றது. பட்டம் நீரில் விழுந்தது. ஏறியிருந்தவன் பட்டத்தைப் பற்றிக்கொண்டு பலகையைக் கைவிட்டான். நீரோட்டம் அதைப் பாறைகளை நோக்கித் தள்ளியது.

"அண்ணே, அலையண்ணே! காப்பாற்றுங்கள்!" என்று பலகை அலறியது.

அலை அதைத் தூக்கிவந்து மணலில் சேர்த்தது.

அங்கிருந்த நண்டு கேட்டது: "என்னப்பா, பழையபடி அலைமேல் வந்து இறங்குகிறாய்?"

பலகை தன் வார்களில் சிக்கிய பாசியை உதறியது. "அலை வழி தெரியாமல் தடுமாறிக்கொண்டிருந்தது. பாவம் பார்த்து நான்தான் கரைவரை அழைத்து வந்தேன்."