மூன்றாவது தோல்

ஆம்பூர்த் தோல் பதனிடும் ஷாப்பில், சாய்த்து வைத்த மரக்கட்டையின்மேல் ஈரத்தோலை விரித்து முனிரத்தினம் ஒட்டியிருக்கும் சதையைக் கத்தியால் சீவுகிறார். காலையிலிருந்து இரண்டு தோலைக் கிழித்தாயிற்று. இதையும் கிழித்தால் பழையபடி சுண்ணாம்புத் தொட்டிதான் என்று மேஸ்திரி ஆபித் பாஷா சொல்லிவிட்டார். பதினைந்து வருஷம் சுண்ணாம்பில் தோல் மிதித்து வெந்த பாதங்கள் இனி தாங்காது. வேலை பழக்கும் எசேக்கியேல் அவரைவிட வயதில் சின்னவன். "மெதுவாண்ணே!" என்று எதிர்க்கட்டையில் தோல் சீவியபடி கத்துகிறான். முனிரத்தினத்தின் கத்தி துள்ளுகிறது. ஜன்னல் வெயிலில் அவர் மணிக்கட்டு நடுங்குவதை இப்போதுதான் பார்க்கிறான். தன் குரல் எழும்போதுதான் அது நடுங்குகிறது. வாயை மூடிக்கொள்கிறான். கத்தி சர்ரென்று நீளமாக இறங்குகிறது. "இன்னா தம்பி, திட்டவே காணோம்? சும்மா இருந்தா பயம் ஜாஸ்தியாவுது." "திட்டித் திட்டித் தொண்டை பேஜாராய்ட்டுதுண்ணே. நீ சீவு." சீவி முடித்ததும் மேஸ்திரி தோலைத் தூக்கி ஜன்னலுக்கு நேரே பிடிக்கிறார். எங்கேயும் ஓட்டை இல்லை; ஒரு புள்ளி வெளிச்சம்கூட ஊடுருவவில்லை. "அச்சா. நாளைக்கும் இங்கயே நில்லு," என்று நகர்கிறார். முனிரத்தினம் தோள்பட்டையில் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். திட்டு வாங்கியே இந்த வேலையைக் கற்ற எசேக்கியேல் தன் தோலுக்குத் திரும்பி, பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாகப் பல்லைக் கடிக்காமல் கத்தியை இழுக்கிறான்.