கடைசிப் பதினைந்து நிமிடம்

வரைபடத்தில் அந்த இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே ஒரு கட்டைவிரல் அகலம்தான். பறந்தால் பதினைந்து நிமிடம். ஆறு வருடம் விசாவுக்குக் காத்திருந்த தர்சினி, கணவன் வேலை பார்க்கும் வடகோடி மீன்பிடி ஊருக்கு வரும் வழியில், அந்தக் கடைசிப் பதினைந்து நிமிடத்தில் மூன்று நாளாகச் சிக்கிக்கிடந்தாள். தரைவழிப் பாதையைப் பனி மூடியிருந்தது. காற்று விமானத்தை விடவில்லை. "இண்டைக்கும் ஏத்திப்போட்டு இறக்கினாங்கள் எண்டா நான் யாழ்ப்பாணத்துக்கே திரும்பீடுவன். நீங்களும் உங்கட மீனும் இருங்கோ" என்று காலையில் போனில் சொல்லியிருந்தாள்.

விமானம் புறப்பட்டுவிட்டது, இறங்குமா என்பதுதான் தெரியவில்லை. அவள் கணவன் குகதாசன் தன் ஊரின் சின்ன விமான நிலையத்தில் கவுண்டரை விட்டு அசையவில்லை. டிக்கெட் பார்ப்பதும் பெட்டி தூக்குவதும் அங்கே பாலேந்திரன் ஒருவர்தான்.

"காத்து விடாட்டி ரண்டு தரம் சுத்திப்போட்டுத் திரும்பீடும், தம்பி. சொல்ல ஏலாது."

அப்போது அவருடைய வாக்கிடாக்கி கரகரத்தது. அவர் எழுந்து தீயணைப்புக்காரரின் தடித்த மஞ்சள் கோட்டை மாட்டினார். குகதாசன் அவர் கையைப் பிடித்தான்.

"என்னண்ணை, பிளேனில நெருப்பே?"

"விசர்க்கதை கதையாதை. பிளேன் இறங்கிறதெண்டா தீயணைப்பு வண்டி வெளியில நிக்கோணும். அதுக்கும் இங்க நான்தான் ஆள். கதவைத் திற."

திறந்ததும் காற்று அவனை உள்ளே தள்ளியது. குகதாசன் தோளைக் கொடுத்துக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். மேகத்துக்குள்ளிருந்து ஓர் இரைச்சல் கீழே கீழே இறங்கி வந்துகொண்டிருந்தது.