முட்டை நண்டு வராத படகு

வலையில் சிக்கின நண்டுகளைக் கால் முறியாமல் பிரித்துக்கொண்டிருந்தேன். ஆராய்ச்சிக்கார அக்கா எதிரே குந்தி, ஒவ்வொன்றாகப் புரட்டி அளந்து கூடையில் போட்டாள்.

“நண்டுக்கெல்லாம் சட்டை தைக்கப் போறீங்களா?” என்றார் என் வீட்டுக்காரர். அவள் வந்த நாளிலிருந்து இப்படித்தான் நக்கல்.

அக்கா சிரிக்கவில்லை. முட்டை சுமக்கிற நண்டு வலையில் வந்தால் உயிரோடு அவளிடம் கொண்டுவர வேண்டும். எண்ணிவிட்டுக் கடலில் விடுவாள். மற்ற படகுக்காரர்கள் கொண்டுவருகிறார்கள். எங்கள் படகிலிருந்து மட்டும் ஒன்றுகூட வரவில்லை.

“முட்டையைச் சுரண்டிட்டு சாதா நண்டா விக்கிறீங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. நான் மீன்வளத் துறைக்கு எழுதிக் குடுத்தா இந்தப் பக்கம் நீங்க வலை போட முடியாது.”

“எழுதிக்கோங்க” என்று எழுந்து போய்விட்டார்.

தொட்டிலில் பச்சைக் குழந்தை. இவருக்கோ வேறு தொழில் தெரியாது. மாமியார் கேட்டதற்கும் வலையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். எனக்கும் சந்தேகம் தட்டியது.

மறுநாள் அக்கா பிடிவாதமாக அவரோடு படகில் ஏறினாள். திரும்பி வந்தபோது அவள் முகமே வேறாக இருந்தது. நேரே என்னிடம் வந்து ஒரு வாளியை வைத்தாள். தண்ணீருக்குள் முட்டை நண்டு.

“இது ஒண்ணையாவது குடுங்கன்னு கெஞ்சி வாங்கினேன்.”

வலை மேலே வந்ததுமே முட்டை நண்டுகளைப் பிரித்து, வீசாமல், குனிந்து தண்ணீருக்குள் கையை விட்டு இறக்கிவிடுகிறாராம்.

அக்கா ஒரு பூதக்கண்ணாடியை நீட்டினாள். கூச்சத்தோடு வாங்கிப் பார்த்தேன். நண்டின் அடியில் பொடிப்பொடியாய் அப்பியிருந்த முட்டைகள். ஒவ்வொன்றிலும் இரண்டு கறுப்புப் புள்ளி. கண்களாம். இன்னும் பிறக்கவே இல்லை, ஆயிரமாயிரமாய் என்னையே பார்க்கின்றன.

“முதல் நாள் எல்லாருக்கும் இதைக் காட்டினேன். பாத்துட்டுப் போயிட்டாங்க. உங்க வீட்டுக்காரருக்கு மட்டும் அதுக்கப்புறம் கூடையில போடக் கை வரலையாம். வெளிய சொன்னா சிரிப்பாங்கன்னு பயமாம்.”

திரும்பிப் பார்த்தேன். முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு கயிறு சுற்றிக்கொண்டிருந்தார். நான் பார்ப்பதைப் பார்த்ததும் ஒரு அதட்டல்:

“ஏய், அந்த வாளியை வெயில்ல வைக்காம சீக்கிரம் எடுத்துட்டு வா, பாவம், உள்ள இருக்கிறதுங்க எல்லாம்…”