டொம்புவின் மடி

எங்கள் வீட்டில் காதுகுத்து என்றால் தாய்மாமன் மடிதான். என் தங்கை மகள் யாழியோ டொம்பு மடியில்தான் உட்காருவேன் என்று அடம்பிடித்தாள். இரண்டு புள்ளிக் கண்ணும் ஒரு கோட்டு வாயுமாக இருக்கும் அந்தக் கார்ட்டூன் கரடியை உலகத்துக் குழந்தைகளெல்லாம் ஏன் கொண்டாடுகின்றன என்பது எனக்கு விளங்கியதே இல்லை.

"அண்ணே, மடி உங்களுதுதானே? உருவம் மட்டுந்தான் அதோடது" என்று தங்கை ஓர் உருமாற்றுப் போர்வையை நீட்டினாள். போர்த்திக்கொண்டால் பார்ப்பவர்களுக்கு டொம்புதான் தெரியும். பேசினாலும் அதன் குரல்தான் வரும். நான் மறுத்தால் கூலிக்கு வரும் யாரோ ஒருவன் அதைப் போர்த்திக்கொண்டு என் இடத்தில் உட்காருவான். சபையில் அந்த அவமானம் வேண்டாம் என்று, அலுப்போடு போர்த்திக்கொண்டேன்.

யாழி ஓடிவந்து மடியில் ஏறினாள். ஆசாரி காது குத்தியதும் அலறி, என் மார்பில் முகம் புதைத்தாள். நம் வம்சத்தில் யாரும் அழக் கூடாது என்று அவளிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

விம்மல் அடங்கியதும் கிசுகிசுத்தாள்: "டொம்பு, நான் அழுதத மாமாட்ட சொல்லிராத. திட்டுவாரு."

"சொல்ல மாட்டேன்" என்றேன், டொம்புவின் குரலில்.

அவள் அப்படியே தூங்கிப்போனாள். பந்திக்கு இரண்டு முறை கூப்பிட்டார்கள். நான் போர்வையை எடுக்கவில்லை.