பத்துப் பேர்

யூதர் தெருவில் கடைசியாக மிஞ்சியவர் யாப்பேத். மற்றவர்கள் குடும்பம் குடும்பமாகக் கப்பலேறிவிட்டார்கள். எதிர்வீட்டில் மேயர் என்பவர் மட்டும் போகாமல் இருந்தார். அவரும் போன மழைக்காலத்தில் இறந்துபோனார். ஒருவரைப் புண்படுத்திவிட்டு, அவர் உயிரோடிருக்கும்போது மன்னிப்புக் கேட்காமல் விட்டவன், தன் சமூகத்தில் பத்துப் பேரை அவர் கல்லறைக்குக் கூட்டிப்போய், அவர்கள் காதுபடத் தன் குற்றத்தைச் சொல்ல வேண்டும். அதுதான் முறை. வாலிபத்தில், ஜெப ஆலயத்தில் வேதம் வாசித்த மேயர் ஒரு சொல்லில் திக்கி நின்றபோது, யாப்பேத் எழுந்து அதேபோலத் திக்கிக் காட்டினார். சபையே சிரித்தது. அதற்குப் பிறகு மேயர் வாசிக்க எழவே இல்லை. கேட்டுக்கொள்ளலாம், கேட்டுக்கொள்ளலாம் என்றே காலம் போய்விட்டது.

கல்லறைத் தோட்டத்தைப் பெருக்கும் செல்லத்தாய் பூட்டைத் திறந்துவிட்டாள்.

"ஆளுங்க வருவாங்கன்னீங்களேய்யா?"

"பத்துப் பேரு வேணும். எங்க ஆளுங்க யாரு இருக்கா?"

"நான் வேணா நிக்கட்டுமா?"

முறைப்படி அது செல்லாது. இருந்தாலும் தலையசைத்தார். அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எதிரே வந்து நின்றாள். யாப்பேத், மேயரின் கல்லறைமேல் கை வைத்தார்.

"மே..." என்றார். அதற்குமேல் நாக்கு புரளவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும், "மே... மே..." என்றார்.

செல்லத்தாய் சிரிக்கவில்லை.

"மெதுவா சொல்லுங்கய்யா," என்றாள். "எனக்கொண்ணும் அவசரமில்ல."